புகைபோக்கியும் மாமாவின் தலைவலியும்

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் ஒன்பது வருஷம் குடியிருந்துவிட்டு, போன வருஷம்தான் பக்கத்து ஊரில் ஒரு பழைய வீடு வாங்கினோம். செங்கல் புகைபோக்கி வைத்த வீடு. ஹாலில் விறகு போட்டுக் குளிர்காய ஒரு ஃபயர்பிளேஸ். முந்தைய சொந்தக்காரர்கள் அதைத் தொட்டே பல காலம் ஆகியிருந்தது. பொங்கலை ஒட்டி வந்த சனிக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டிருந்தோம். அந்த ஃபயர்பிளேஸில் நெருப்பு மூட்டி, முன்னால் நின்று படம் எடுத்துப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் தீக்குச்சியைக் கிழிக்காதே என்று மிரட்டியதால் ஆள் வரச் சொல்லியிருந்தேன். அந்த அற்ப ஆசை மட்டும் எனக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்போது என் மாமனார் ஈரோட்டிலிருந்து வந்து மூன்று வாரம். அத்தை தவறிய பிறகு முதல் தடவையாகத் தனியாக வந்திருந்தார். மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர், சும்மா இருக்கத் தெரியாதவர். காபி தண்ணியாக இருக்கிறது, தயிர் புளிக்கவில்லை, பேத்தி தமிழில் பதில் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே குளிர்.

"ஏம்மா, ஊடு ஐஸ்பொட்டியாட்டம் இருக்குதே, அந்த ஹீட்டரக் கொஞ்சம் ஏத்தி வெக்கறதுதான?"

ஏற்றி வைத்தோம். போதாது என்று அவர் தன் அறை ஜன்னல் இடுக்குகளில் பழைய துண்டுகளைத் திணித்துக்கொண்டார். அவருடையது கீழ்த்தளத்து அறை. அதற்கு நேர் கீழே பேஸ்மென்டில்தான், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் இருந்தது.

அந்த வாரத் திங்கட்கிழமை, "தல கனமா இருக்குதும்மா" என்றார். "ஜெட் லாகுங்க மாமா, சரியாப் போயிரும்" என்றேன். மூன்று வாரம் கழித்து என்ன ஜெட் லாக்? மாடியில் லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன், வாயில் வந்ததைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வயிற்றைப் புரட்டுகிறது என்றார். முந்தின நாள் அவர் மறுபடி ஹீட்டரை ஏற்றியதற்கு நான் வெடுக்கென்று ஏதோ சொல்லியிருந்தேன். அதற்கு முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். புதன்கிழமை அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எழுதக் கூசுகிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும் அந்த வாரம் முழுக்கத் தலைவலி. அது மாமாவால் வந்த தலைவலி என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை கணவர் ரயிலுக்குப் போய்விட்டார், மகள் ஸ்கூல் பஸ் ஏறிவிட்டாள். பத்து மணிக்குப் புகைபோக்கி ஆள் வந்தது. ஆண் வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவள் என்னைவிடச் சின்னப் பெண், கட்டுமஸ்தான உடம்பு, கையில் நீளமான பிரஷ்கள். ஜாக்கெட்டில் பேட்ஜ் மாதிரி ஒரு சின்னக் கருவி மாட்டியிருந்தாள். ஹாலுக்குள் நாலு அடி வைத்ததும் அது கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. குனிந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மாமனார், தூங்குகிறார் என்றேன்.

"அவுட்! ரெண்டு பேரும் இப்பவே அவுட்!" என்று இங்கிலீஷில் கத்தினாள். கார்பன் மோனாக்சைடு என்றாள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். உங்கள் அலாரம் ஏன் கத்தவில்லை என்றும் கேட்டாள்.

அலாரம் கிச்சன் டிராயரில் இருந்தது. புகைக்கும் இந்த வாயுவுக்கும் சேர்த்து ஒரே அலாரம், மிளகாய் தாளித்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும். நம்மவர்கள் பலர் அதற்கு ஷவர் கேப் மாட்டி வைப்பார்கள். நாங்கள் குடிவந்த முதல் வாரமே கழற்றிவிட்டோம். அதை அவளிடம் சொல்லாமல் மாமாவின் அறைக்கு ஓடினேன்.

போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். "மாமா" என்றேன். அசைவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவரை நான் தொட்டதே இல்லை, காலைத் தொட்டுக் கும்பிட்டதைத் தவிர. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை துவண்டு சாய்ந்தது. "மாமா! எந்திரிங்க மாமா!" என்று கன்னத்தில் அறைந்தேன். கண் திறக்கவில்லை. போய்விட்டார், நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அந்தப் பெண் என்னைத் தள்ளிவிட்டு, போர்வையோடு சேர்த்து அவரைத் தரையில் இறக்கி, தரதரவென்று இழுத்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் பனி கொட்டிக் கிடந்தது. வேட்டியும் ஸ்வெட்டருமாக அதில் அவரைக் கிடத்திவிட்டு அவள் 911 கூப்பிட்டாள்.

நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்ததா, அது காற்றா, எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. கடைசியில் அவர் முனகினார், என் மடியிலேயே வாந்தி எடுத்தார். நான் அழுதேன்.

புகைபோக்கிக்குள் பதித்திருந்த ஓடு உடைந்து விழுந்து, அதன்மேல் அணில் கூடு கட்டி அடைத்திருந்தது என்று மறுநாள் சொன்னார்கள். பாய்லரின் புகைக்கும் அதே புகைபோக்கிதான், மேலே போக வழியில்லாமல் அது வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. நாங்கள் மூவரும் பகலெல்லாம் வெளியே, இல்லாவிட்டால் மாடியில். கீழே இருபத்து நாலு மணி நேரமும் இருந்தவர் மாமா ஒருவர்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். பிழைத்துக்கொள்வார், ஆனால் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கணவர் மூச்சு வாங்க ஓடி வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்டார். பொய் சொன்னால் வைத்தியம் தப்பாகிவிடுமே என்ற பயத்தில் உண்மையைச் சொன்னேன். திங்கட்கிழமையே தலைவலி என்று என்னிடம் சொன்னார், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். கணவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமையே எங்கிட்டச் சொன்னாரு. ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுங்கன்னுட்டேன்" என்றார் தமிழில். பிறகு அதையே டாக்டரிடம் இங்கிலீஷில் ஒரு முறை சொன்னார்.

டாக்டர் குறித்துக்கொண்டு போனார். மாமா தூங்குகிறார் என்று நினைத்துத்தான் இருவரும் பேசினோம். திரும்பிப் பார்த்தால், மாஸ்க்குக்கு மேலே கண்கள் திறந்திருந்தன. மகனை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.