முப்பது பிள்ளைகளுக்குப் பின்னால்

ஃபெரியின் முன்பக்கக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எதிரே வரும் ஜார்ஜ்டவுனைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தபடி என் மனைவி பேசுவாள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். காற்று முந்தானையைப் பிடுங்கும். ஒரு கையால் அதை இடுப்பில் செருகிக்கொண்டே இன்னொரு கையால் தனக்குப் பின்னால் இருக்கும் கரையைக் காட்டுவாள். வாய் அசைவது எனக்குத் தெரியும், என்ன சொல்கிறாள் என்பது கேட்காது. அவளுக்கும் எனக்கும் நடுவில் முப்பது பிள்ளைகள், அவர்களுடைய இரைச்சல், அதற்குமேல் எஞ்சின் சத்தம். நான் வரிசையின் கடைசியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அவள் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பத்து காவான் என்கிற ஊர்ப் பக்கம், ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு ஆசிரியை. அந்த வகுப்பில்தான் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடம் தொடங்கும். மலாக்கா சுல்தான்களின் பெயர்களை வரிசை தப்பாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்குத் தாங்கள் இருக்கும் மாநிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பது அவளுக்குப் பெரிய மனக்குறை. அக்கரையில் குடியிருப்பவர்கள் தீவுக்கு வருவதைத்தான் “பினாங்குக்குப் போறோம்” என்பார்கள். அவர்கள் நிற்கிற மண்ணும் பினாங்குதான் என்பது பெரியவர்களுக்கே மறந்துபோன விஷயம். “உங்க தாத்தா பாட்டி காட்டை வெட்டி மரம் நட்ட இடம்டா இது, இதுவும் பினாங்குதான்” என்று அவள் வகுப்பில் சண்டைக்கு நிற்பாளாம். சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு வருடம் கடைசிப் பரீட்சை முடிந்ததும் முப்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பட்டர்வொர்த் வரை பள்ளி பஸ், அங்கிருந்து ஃபெரி, பிறகு ஜார்ஜ்டவுன் முழுக்க நடை.

நாங்கள் இருந்ததோ தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில். ஆகவே காலையில் நாங்கள் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே ஃபெரியில் திரும்பி வரவேண்டும். பாலத்தின் வழியாக பஸ்ஸிலேயே நேராக இறக்கிவிட்டால் என்ன என்று நான் வருடம் தவறாமல் முணுமுணுப்பேன். “பாலத்துல வந்தா தூங்கிருவாங்க. கப்பல்ல வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க, தண்ணியில வந்து இறங்கினாத்தான் நல்லாருக்கும்” என்பாள். அதற்குமேல் அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது.

எனக்கு அப்போது பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வருகிற பொருளையெல்லாம் எண்ணி, கோணலாக இருப்பதைத் தனியே எடுத்துவைப்பவன். அந்த ஒரு நாளைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளை எண்ணுவேன். சரித்திரம் உன் டிபார்ட்மெண்ட், தலை எண்ணிக்கை என் டிபார்ட்மெண்ட் என்று அவளிடம் பெருமையடித்துக்கொள்வேன். கொரோனா வந்த இரண்டு வருடம் போக, பதினைந்து தடவை இப்படிப் போய்வந்தோம். ஒரு பிள்ளையைக்கூட நான் தொலைத்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுப்பேன். “இன்னிக்கு எப்படி இருந்துச்சுங்க?” என்று கேட்பாள். “முப்பதும் திரும்பி வந்துருச்சு” என்பேன். சில வருடம் சிரிப்பாள். சில வருடம் சிரிக்காமல் தேநீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் ஜொகூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான், சாப்பிட்டீங்களா என்று கேட்பான், சாப்பிட்டேன் என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். தனியாக இருப்பது கஷ்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பேச ஆள் இல்லாததை எப்படியோ சமாளித்துவிடலாம். மின்விசிறியை ஏன் நிறுத்தாமல் வந்தீர்கள், ஈரத் துண்டை ஏன் கட்டிலில் போட்டீர்கள் என்று திட்ட ஆள் இல்லாமல் போவதுதான் தாங்க முடியாதது. துண்டு அது பாட்டுக்குக் கட்டிலில் கிடக்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன வருடக் கடைசியில் அவளுடைய இடத்துக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளே என் மனைவியிடம் நான்காம் ஆண்டு படித்த பிள்ளை, பத்து வயதில் அந்த வரிசையில் நடந்தவள். நிறுத்திவிட்ட நடையை மறுபடியும் தொடங்கப் போகிறாளாம். “அங்கிள், டீச்சர் ஏதாச்சும் நோட்டு எழுதி வெச்சிருக்காங்களா?” என்றாள். இல்லை, எல்லாம் அவள் வாயோடு போயிற்று. “அப்ப நீங்களே முன்னால வந்து சொல்லிருங்க அங்கிள். எல்லாத் தடவையும் கூடவே போனீங்கதானே? உங்களுக்குத் தெரியாததா லா!” என்றாள். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்துவிட்டு ஒரு காகிதத்தோடு உட்கார்ந்தேன். எந்த இடத்தில் நிழல் இருக்கும், எந்த முனையில் பிள்ளைகள் சாலையில் பாய்வார்கள், எந்தக் கடைக்காரர் கழிப்பறைக்கு விடுவார், எவர் கத்துவார், எல்லாம் மளமளவென்று வந்தது. கோட்டை வாசலில் அவள் என்ன சொன்னாள்? மாரியம்மன் கோயில் முன்னால் பத்து நிமிடம் நின்று பேசுவாளே, அது என்ன? ஒரு சொல் வரவில்லை. பதினைந்து வருடம் என் மனைவி பேசியதை ஊரார் பிள்ளைகள் நானூற்றைம்பது பேர் கேட்டிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. நூலகத்துக்குப் போய் இரண்டு புத்தகம் எடுத்துவந்து, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி படித்தேன்.

அந்த நாளும் வந்தது. ஃபெரியில் அவள் நின்ற இடத்தில் போய் நின்றேன். நான் பேசப் பேச, பிள்ளைகள் தண்ணீரில் ஜெல்லி மீன் தேடினார்கள். இந்தச் சாலைகளையும் கட்டடங்களையும் போட்டவர்களில் இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நிறையப் பேர் என்று கோட்டைப் பக்கம் சொன்னேன். “என்ன தப்பு செஞ்சாங்க அங்கிள்?” என்று ஒருவன் கேட்டான். புத்தகத்தில் அது இல்லை. கோயிலில் சொன்னதை அங்கேயிருந்த பெரியவர் ஒருவர் திருத்தினார். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. திரும்பத் திரும்ப வரிசையின் கடைசியைப் பார்த்தேன். அங்கே இளம் ஆசிரியை தலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

கடைசியாக நிற்கிற இடம் கடலோரச் சாலையில், படகுத்துறைக்குச் சற்று முன்னால் இருக்கும் பழைய குடோன்கள். அதில் ஒன்று இப்போது காப்பிக் கடை. அந்தச் சுவர் ஓரமாக வருடா வருடம் அவள் வரிசையை நிறுத்துவாள். ஏதோ சொல்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு முப்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். என் தொப்பையைப் பற்றித்தான் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நானும் கையை ஆட்டுவேன். அன்றைக்கு நான் அந்த இடத்தில் முன்னால் நின்றேன், சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியிலிருந்து இளம் ஆசிரியை மெதுவாக என்னிடம் வந்தாள்.

“இங்க டீச்சர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு அங்கிள்” என்றாள். பிள்ளைகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இங்க மூட்டை தூக்குனவங்க முதுகுலதான் இந்த ஊரு ஏறி நின்னுச்சு. அதுல ஒருத்தரோட மகன் நம்மகூடத்தான் வர்றாரு, அதோ, கடைசியில. இப்ப கேட்டா சொல்ல மாட்டாரு, ரொம்ப வெக்கப்படுவாரு. ஒருநாள் அவரே முன்னால வந்து சொல்வாருன்னு சொன்னாங்க. நாங்கல்லாம் திரும்பிப் பார்த்தோம். நீங்க கையை ஆட்டினீங்க.”

என் அப்பா அந்தக் குடோன்களில் மூட்டை தூக்கினவர். நான் வேலைக்குப் போகும் முன்பே செத்துப்போனார். எனக்குப் பெண் பார்த்தபோது, பேசி முடிக்கப் போன மாமா, பையனின் அப்பா துறைமுகத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக இருந்தவர் என்று சொல்லிவைத்தார். பெண் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், கிராணி வேலை பார்த்தவர்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், மறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அடுத்த வருடம் சொல்வது இன்னும் கஷ்டமாகிறது. கடைசியில் நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன். மகன் ஆரம்பப் பள்ளியில் தாத்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதினான். அப்பா, தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டான். கிராணி என்றேன். அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. என்னையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சோறு வடிக்கத் திரும்பிக்கொண்டாள். யார் சொல்லி அவளுக்குத் தெரிந்தது என்பது எனக்கு இன்றும் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, காட்டிக்கொடுத்ததும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சுவர் ஓரம் நின்று, நான் வரட்டும் என்று பார்த்திருக்கிறாள். நான் கை ஆட்டியிருக்கிறேன்.

பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகக் குறிப்பைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, “எங்க அப்பா இங்கதான் மூட்டை தூக்குனாரு” என்றேன். கப்பல் தள்ளி நிற்கும், தொங்காங் என்கிற பெரிய படகில் சரக்கைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை. முதுகில் மூட்டையோடு நடந்தால் பலகை வளைந்து எழும்பும், அது எழும்புகிற நேரம் பார்த்துக் கால் வைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டையோடு கடலில்தான். இதை அப்பா எனக்கு வீட்டுத் தரையில் நடந்து காட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்கு நான் நடந்து காட்டினேன். உடனே ஆளாளுக்கு நடைபாதையில் பலகை நடை நடக்கத் தொடங்கிவிட்டார்கள். சீனி மூட்டை இறக்கிய நாளில் அவருடைய சட்டையை அம்மா வாசலுக்கு வெளியேதான் தொங்கவிடுவாள், எறும்பு மொய்த்துவிடும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். துறைமுக வேலை அக்கரைக்குப் போனபின் அவர் கை சும்மா இருக்க முடியாமல் வீட்டில் அரிசிப் பையைத் தூக்கி இடம் மாற்றி மாற்றி வைத்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஜெல்லி மீனைக்கூட யாரும் தேடவில்லை.

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் என் மனைவியைப் பார்த்திருக்கிறாள். “இதெல்லாம் டீச்சருக்குத் தெரியுமா அங்கிள்?” என்றாள்.

“தெரியும்மா.”

“நீங்க சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன் சொல்லல?”

டீச்சர் கேக்கவே இல்லம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதினைந்து வருடம், முப்பது பிள்ளைகளின் காதுபட அவள் கேட்டிருக்கிறாள். ஃபெரிக்கு நேரமாகிவிட்டது, எல்லாரும் வரிசையாக வாருங்கள் என்றேன்.