எலிக்குத் தெளிஞ்ச பயம்

நாஞ்சில்நாடு திருவாங்கூரோட இருந்த கடைசி வருசங்கள். நாகர்கோயில்ல ஒரு காலேஜ்ல, விலங்கியல் லேப்ல எனக்கு வேல. என்ன வேலன்னா, எலிக்கு ஷாக் குடுக்கது.

எங்க புரொபசருக்கு வெளிநாட்டுப் பத்திரிக வாசிச்சு வந்த கிறுக்கு. மணியடிச்ச ஒடனே எலிக்க கூட்டுக் கம்பியில கரண்ட் விடணும். கொஞ்ச நாள்ல எலி வெறும் மணிச் சத்தத்துக்கே நடுங்கும். பொறவு அதுக்க மூளைக்குள்ள முடி கனத்துல ஒரு கம்பி சொருகி லேசா கரண்ட் விட்டா, அந்தப் பயம் போகுதான்னு பாக்கணும். லேப்ல மணி கெடையாது. எங்க வீட்டுப் பூசை மணிய எடுத்துட்டுப் போனேன்.

அந்த லேப்ல ஒரு வழக்கம். செருப்ப வாசல்லயே கழத்திப் போடணும், கோயிலுக்குப் போற மாதிரி. கழுவிவிட்ட ஈரச் சிமிண்டுத் தரை, வெறுங்காலு, மூடி ஒடஞ்ச சுவிட்சு. எலிக்கு ஒரு அடின்னா எனக்கும் ஒரு அடி.

"சார், எனக்கும் அடிக்கி."

"எலி உம்ம மாதிரி பொலம்புதா வே?"

எலி பத்து நாள்ல பயப்படப் படிச்சுது. நான் நாலே நாள்ல பாஸ்.

பொறவு எலிய மயக்கித் தலையில கம்பி வச்சாரு. மணியடிக்கும்போ அந்தக் கம்பியில லேசா கரண்ட் விட்டு விட்டு, கடைசியில மணியடிச்சாலும் எலி பாட்டுக்குத் தேங்காத் துண்டக் கடிச்சிட்டிருந்துது. என் தலையில கம்பி வைக்கத்தான் ஆளில்ல.

அந்த நேரம் பாத்து பூதப்பாண்டியில பெண்ணு பாக்கப் போனேன். பாத்ததுமே இவதான்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு கையில பயறும் கருப்பட்டியும் உருட்டிப் பொரிச்ச முந்திரிக்கொத்து, மறு கையில காப்பி. உள்ள அவ அம்ம வெளக்குப் பொருத்தி மணிய ஒரு ஆட்டு ஆட்டுனா. நான் நாற்காலியோட ஒரு துள்ளு. காப்பி பெண்ணுக்க அப்பா வேட்டியில. முந்திரிக்கொத்து போன எடம் தெரியல. பெண்ணு வாயப் பொத்திட்டு உள்ள ஓடிட்டா.

"மாப்பிளைக்கு வலிப்பு உண்டுமோ?"ன்னாரு அப்பா.

எலிக் கதைய முழுசாச் சொன்னேன். நம்பல. மறுநாளே லேபுக்கு வந்துட்டாரு, வாசல்ல செருப்பக் கழத்திட்டு. புரொபசர் மணியடிச்சாரு. எலி தேங்கா தின்னுது. நான் மேசை மேல நிக்கேன்.

அவரு எலியப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு.

"எலிக்குச் சொகமாயிட்டு. இதுக்கு எப்பம்?"

"இதுக்கு வைத்தியம் நான் இன்னும் வாசிக்கல"ன்னாரு புரொபசர்.

சம்பந்தம் போச்சுன்னு ரெண்டு நாள் சோறு எறங்கல. மூணாம் நாள் சம்மதம்னு ஆள் வந்தாச்சு. வலிப்பில்லன்னு தெரிஞ்சதுல அப்பாவுக்குத் திருப்தி. பெண்ணு எதுக்குச் சம்மதிச்சான்னு கல்யாணம் கழிஞ்சுதான் கேட்டேன்.

"வீட்டுல ஒரு தமாசு வேண்டாமா?"ன்னா.

வைத்தியமும் அவதான். தெனம் காலையில மணியடிப்பா. நான் துள்ளி எறங்குனதும் வாயில ஒரு முந்திரிக்கொத்து. ஒரு மாசத்துல துள்ளல் நின்னுட்டு. கம்பியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

ஒரே ஒரு கொறை. கோயில்ல மணியடிச்சா எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிடுகாங்க. நான் மட்டும் வாயத் தொறந்துட்டு நிக்கேன்.