பூர்கோனில் கொடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

கனடாவின் விட்பி நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் புல்லுக்கு மழை பெய்யும்போதும் தண்ணீர் பாயும். நிலத்துக்குள் குழாய் புதைத்து நேரம் குறித்து விட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணியானால் குழாய்கள் தலையை நீட்டிச் சுற்றிச் சுற்றி அடிக்கும். மேலே வானம் கொட்டினாலும் அவற்றுக்குத் தெரியாது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் குடையோடு போய், அந்த வீட்டு மனிதரிடம் வானத்தைக் காட்டி "ரெயின், வாட்டர்" என்றேன். அவர் சிரித்து, "யெஸ், குட் ஃபோர் த கிராஸ்" என்றார். நானும் "யெஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதற்குமேல் பேச எனக்கு ஆங்கிலமும் இல்லை, துணிவும் இல்லை. தவிரவும், தண்ணீர் விஷயத்தில் மற்றவருக்குப் புத்தி சொல்ல நான் தகுதியான ஆள் இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

இந்தக் கோடையில் மகள் துளசியும் மருமகன் கீர்த்தனும் பிரான்சுக்கு ரிக்கெற் எடுத்தார்கள். பரிசில் மூன்று நாள், பிறகு பூர்கோன். பூர்கோன் என்பது பரிசிலிருந்து தென்கிழக்கே வேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போகக்கூடிய பகுதி. பல நூறு வருசமாக வைனுக்குப் பேர்போன இடம்.

"அப்பா, நீங்க பிரான்ஸில இருந்தனீங்கள்தானே. பூர்கோன் தெரியுமா?" என்று துளசி கேட்டாள்.

"ஓம், கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ரெண்டு வருசம்."

குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "பரிசில கோப்பை கழுவினதெண்டெல்லோ இவ்வளவு காலமும் சொன்னனீங்கள்."

"முதல் கழுவினது. பிறகு அங்கை போனது."

"அங்கை ஆரையும் ஒளிச்சு வைச்சிருந்தனீங்களோ?"

"ஒராள் இருந்தவ. அப்பவே அறுபத்தைஞ்சு வயசு."

துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிய, எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று எழுதித் தரச் சொன்னாள். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுகம், ஐந்தாம் வகுப்பு எழுத்தானாலும். அவளுக்கு எழுதியதையே, இங்கிருந்து போகிறவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டிஜோன் என்ற நகரத்தில் இறங்கி, உள்ளூர் ரயிலுக்கு மாறி, போன் என்ற பழைய பட்டணத்துக்குப் போங்கள். போகும்போது வலது பக்க யன்னலோரம் இருங்கள். நீண்ட மேடு ஒன்று கூடவே வரும். உச்சியில் காடு, அடிவாரத்தில் வீதி, இடையில் முழுக்கத் திராட்சை. நடுச்சரிவில் விளைவதுதான் விலை கூடிய வைன். வீதியோரம் விளைவது சாதாரணம். போன் பட்டணத்தில் வண்ண ஓடு போட்ட பழைய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. ஏழைகளுக்காகக் கட்டியது. எல்லோரும் கூரையைப் படம் எடுப்பார்கள். நீங்கள் உள்ளே போய், வரிசையாகக் கிடக்கும் கட்டில்களையும் பாருங்கள். பிறகு சைக்கிள் வாடகைக்கு எடுத்து, கல் மதில்களுக்கு இடையால் ஊர் ஊராகப் போகலாம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அந்த இடத்தை விளங்கப்படுத்துவது சுலபம். எங்கள் காணி உறுதிப் பத்திரங்களில் வருவதுபோல அங்கே ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. நல்ல துண்டுகளின் பெயர் போத்தலிலேயே இருக்கும். பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து இப்போது தமையனுக்கு ஆறு வரிசை, தங்கைக்கு நாலு வரிசை என்று வந்து நிற்கிறது. எல்லைக் கல்லால் முகம் பார்க்காமல் விட்ட சகோதரர்களையும் கண்டிருக்கிறேன். அந்தச் சண்டைக்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கடைக்குள் காலை வைத்தவுடன் "பொன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் சாமானைத் தொட்டால் பிறகு என்ன சிரித்தாலும் சரிவராது. பன்னிரண்டுக்குப் பூட்டினால் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். கதவைத் தட்ட வேண்டாம். நிலவறையில் ருசி பார்க்கத் தரும்போது பக்கத்தில் ஒரு வாளி வைத்திருப்பார்கள். அதற்குள் துப்பலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. பரிசிலிருந்து என்னைப் பார்க்க வந்த சிநேகிதன் ஒருவன், தந்ததை மிச்சம் விடக்கூடாது என்று ஐந்து கிளாசையும் முடித்துவிட்டு, மேலே வரப் படி தெரியாமல் நின்றான். கொடியில் கிடக்கும் பழத்தைப் பிடுங்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் ஊற்றியபடியால் சொல்கிறேன்.

அங்கே மதாம் ஒதேத் என்ற விதவையின் தோட்டத்தில் வேலை செய்தேன். எனக்கு விசா கிடைக்கவில்லை, அது அவவுக்குத் தெரியும். குளிரில் கொடி வெட்டுவது, கோடையில் தளிர் கட்டுவது, செப்டம்பரில் பழம் வெட்டுவது. இரண்டாவது வருசம் ஓகஸ்டில் மழையே இல்லை. அந்த மாதம் அங்கே எல்லோரும் லீவில் போய்விடுவார்கள். மதாமும் கடற்கரையில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனா. போகும்போது வீட்டைப் பூட்டி, திறப்பை என் கையில் தந்து, கோழிகளைக் காட்டிவிட்டுப் போனா. பிரான்சில் ஒருவர் என்னை நம்பித் திறப்புத் தந்தது அதுதான் முதல் தடவை. நான் சும்மா இருந்திருக்கலாம். மதிலோர வரிசையில் இலை சுருண்டு கிடந்தது. ஊரில் என்னைப் பெற்ற ஐயா முந்திரிகைப் பந்தலுக்கு, திராட்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், மூன்று நாளுக்கு ஒருதரம் கிணற்றிலிருந்து இறைப்பார். இலை சுருண்ட பிறகு இறைத்தால் ஏச்சு விழும். அதனால் பின்னேரங்களில் முற்றத்துப் பைப்பிலிருந்து இரண்டு வாளியில் அள்ளி அள்ளி ஒவ்வொரு கொடியின் அடிக்கும் ஊற்றினேன். பத்து நாள். இலை நிமிர்ந்தது. மதாம் வந்ததும் சந்தோசப்படுவா என்று நினைத்தேன்.

மதாம் வந்து அந்த வரிசையைப் பார்த்தா. குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தா. பழங்கள் சில வெடித்திருந்தன. என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னா. அதில் "நோன்" மட்டும் எனக்கு விளங்கியது. நான் அறைக்குப் போய் பையை அடுக்கினேன். கூட வேலை செய்த போர்த்துக்கேயன் கையைக் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினான். அங்கே தண்ணீர் ஊற்றுவது சட்டப்படி கூடாது. கொடி தாகத்தில் பாறைக்குள் வேர் விட்டுத் தானாகத் தண்ணீர் தேட வேண்டும். அப்படி விளைந்தால்தான் காணியின் பெயரைப் போத்தலில் போடலாம். மதாம் என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. அறுவடையில் அந்த வரிசைப் பழத்தைப் புறம்பாக வெட்டிப் புறம்பாகப் பிழிந்தா, நல்லதோடு கலக்கவில்லை. வேலையாட்களின் மதியச் சாப்பாட்டு வைன் ஆக்கினா. நவம்பரில் ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் பரிசிலிருந்து அறிவித்தான், கனடாப் பயணம் சரி, ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று. விடியற்காலையில் திறப்பைக் கோழித்தீன் பானைக்குக் கீழே வைத்துவிட்டு ரயில் ஏறினேன்.

துளசிக்கு எழுதிய தாளின் கடைசியில் மதாமின் விலாசத்தை எழுதி, அதற்குக் கீழே இரண்டு வரி எழுதி வெட்டிவிட்டேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். "மதாம் இருந்தால் சொல்லு, சொல்லாமல் போனது பிழை என்று."

"ஏன் வெட்டினீங்கள்?"

"எனக்கே வெக்கமாக் கிடக்கு. நீ எப்பிடிச் சொல்லுவாய்?"

"நான் சொல்லுவன், டோன்ட் வொறி," என்றாள். தாளை மடித்துப் பாஸ்போட்டுக்குள் வைத்தாள்.

அங்கே பின்னேரம் இரண்டு மணி, இங்கே காலை எட்டு. நான் வளவில் என் பந்தலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். இங்கே ஒரே ஒரு முந்திரிகைக் கொடி வைத்திருக்கிறேன். ரெலிபோன் அடித்தது. துளசி முகம், பின்னால் மதாம் வீட்டு நீல வாசற்படலை, பக்கத்தில் தலை நரைத்த ஒரு மனிதர். மதாமின் மகன் லூக். முன்பு எப்போதாவது வந்துபோகிற, கறுத்த தலைமயிர்க்காரன். "பொன்ஜூர்" என்றார். "பொன்ஜூர், முசியே" என்றேன். அதற்குப் பிறகு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. கீர்த்தன் கனடாவில் பிரெஞ்சிலேயே படித்த பிள்ளை. அவர்தான் இடையில் நின்று கேட்டு, துளசிக்குச் சொன்னார்.

"மதாம் காலமாகி ஒன்பது வருசமாம், அப்பா. நீங்க போன அண்டைக்குத் திறப்பைக் கண்டவவாம். உங்களைப் பொலிஸ் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சு, பஸ் எடுத்து டவுனுக்குப் போய் ரெண்டு நாள் பொலிஸ் ஸ்ரேசன்ல விசாரிச்சவவாம். முழுப்பேர் தெரியாதாம். கொடிக்குத் தண்ணி ஊத்தின பெடியன் எண்டுதான் கேட்டவவாம்."

"கோவமோ?"

"அதையும் கேட்டம். இல்லையாம். ஆனா நீங்க எங்க எண்டு கடைசிவரைக்கும் அவவுக்குத் தெரியாதாம்."

ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். இங்கே எனக்கு நிரந்தரமாக இருக்கக் காட் கிடைத்த பிறகாவது போட்டிருக்கலாம். விலாசம் இன்றும் எனக்கு மனப்பாடம். "மதிலோர வரிசையைக் காட்டு," என்றேன்.

துளசி நடந்துபோய்க் காட்டினாள். நான் தண்ணீர் ஊற்றிய கொடிகள் இல்லை. கிழடாகிப்போக, பிடுங்கிவிட்டார்களாம். அந்த இடத்தில் முழங்கால் உயரக் கன்றுகள் நின்றன. ஒரு பெண் தண்ணீர்த் தாங்கியிலிருந்து குழாய் இழுத்து ஒவ்வொன்றின் அடியிலும் விட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இவையளும் ஊத்துகினமே!"

கீர்த்தன் லூக்கிடம் கேட்டுச் சொன்னார். "மாமா, புதுக் கண்டுக்கு மட்டும் ஊத்தலாமாம். வேர் கீழ இறங்கும் வரைக்கும். பிறகு கூடாதாம்."

"எத்தினை வருசத்துக்காம்?"

"ரெண்டு மூண்டு வருசமாம்."

லூக் அந்தப் பெண்ணிடம் குழாயை வாங்கித் துளசி கையில் கொடுத்து, முதலாவது கன்றைக் காட்டினார். அவள் குனிந்து ஊற்றினாள். "இவ்வளவு காணுமா, அப்பா?" என்றாள். என்னைக் கேட்காதே, அவரைக் கேள் என்றேன். லூக் எதையோ சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, நானும் சிரித்தேன். இங்கே என் மற்றக் கையில் கோஸ் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பந்தலின் அடி நிறைந்து, தண்ணீர் என் செருப்பைத் தொட்டு, வேலிக்குக் கீழால் பக்கத்து வீட்டுப் புல்லுக்குப் போனது. பைப்பைப் பூட்டுவதென்றால் ரெலிபோனைக் கீழே வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.