டீசலும் சிப்பிப் பைகளும்

கண்ணில் படாதபடி ஆக்கிவிட்ட தீங்கை நீக்கிவிட்டதாகக் கொள்ளலாமா? விழிஞ்ஞம் துறைமுகத்தில், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கையில் பிடித்தபடி நின்ற ஒரு காலையில்தான் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது.

நான் பழையதாக வாங்கிய சிறிய பாய்ப்படகு அது. காற்று இல்லாத வேளைக்கென்று ஒரு டீசல் இன்ஜினும், அதற்கான இரும்புத் தொட்டியும் உண்டு. அன்று கரமனையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, படகின் தரைப்பலகையைத் தூக்கியபோது, அடியில் கசிந்து தேங்கும் கடல்நீரின் மேல் டீசல் மிதந்தது. தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. நீர் இன்னும் இரண்டு விரற்கடை உயர்ந்தால், அதை இறைக்கும் பம்ப் தானாக ஓடி, அத்தனையையும் கடலில் தள்ளிவிடும்.

பம்பின் குழாய் வாய்க்குச் சில அடி தள்ளி, படகுத்துறையின் கம்பத்தில் வலைப்பைகள் நீரில் தொங்கின. குளச்சல் பக்கத்திலிருந்து வந்து இங்கே மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஒரு தம்பதியின் அன்றைய பிடி அது. வாங்குபவர் வரும்வரை சிப்பி உயிரோடிருக்க அப்படித் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம்.

சோப்பைக் கலந்தால் டீசல் கரைந்துவிடும், பிறகு வெளியேற்றலாம் என்று நான் நினைத்தேன். பொறுப்போடு நடந்துகொள்வதாகவே நம்பினேன்.

"சாரே, பாத்திரம் தேய்க்கப் போறீங்களா?" என்றார் கணவர், மேலே நின்றபடி.

விளக்கினேன்.

"கரைஞ்சு எங்க போவும்?"

அவர் மனைவி கூடையை இறக்கி வைத்தார். "சாரு கண்ணுல படாது, அவ்வளவுதான். எங்க சிப்பி வாயத் தொறந்து குடிக்கும்லா. வாங்குதவன் நாத்தம்னு எங்க மூஞ்சில எறிவான்."

"பையத் தூக்கிருவோமா?" என்று மனைவியிடம் கேட்டார் கணவர்.

"தூக்கி எங்க வைக்க, வெயில்லயா? நீங்க எறங்கிப் பாருங்க. கடலுக்கடியில கிடக்கத் தெரிஞ்ச ஆளுக்குத் தொட்டிக்கடியில கிடக்கத் தெரியாதா?"

கணவர் சிரித்துக்கொண்டே படகுக்குள் இறங்கினார். முதல் வேலையாகப் பம்பின் ஒயரைக் கழற்றச் சொன்னார். பிறகு குப்புறப் படுத்துத் தொட்டியின் அடியைத் துழாவினார். இரும்பு மடிப்பில் ஊசித்துளை ஒன்று விரலுக்கு அகப்பட்டது. மனைவி கூடைக்குள்ளிருந்து, பாதி தேய்ந்த துணி சோப்புக் கட்டியை எடுத்து நீட்டினார்.

"இத வச்சு அழுத்துங்க. எங்க அண்ணன் வள்ளம் இப்பிடித்தான் கரை வந்து சேந்துச்சு."

சோப்பைத் தண்ணீர் படாமல் துளைக்குள் தேய்த்து நிரப்பியதும் ஒழுகல் நின்றது. தொட்டியில் மீதமிருந்ததைக் குழாய் வைத்து இரண்டு கேன்களில் இறக்கினோம். மிதந்ததை எடுக்கப் பருத்தித் துணி வேண்டும் என்றார் கணவர். திரும்பும்போது கட்டிக்கொள்ள வைத்திருந்த வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதை நீரின் மேல் விரிப்பதும் வாளியில் பிழிவதுமாக ஒன்றரை மணி நேரம் மூவரும் குனிந்தே இருந்தோம்.

"இன்னைக்கு பஸ்ல சாருக்கு ரெண்டு பேரு சீட்டு கிட்டும். பக்கத்துல ஒருத்தனும் இருக்க மாட்டான்," என்றார் அந்த அம்மாள்.

சிப்பி வாங்குபவர் வந்தார். ஒன்றைப் பிளந்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு பைகளை ஆட்டோவில் ஏற்றச் சொன்னார்.

என்னைத் திட்டித் துறையை விட்டே விரட்ட அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அதற்குப் பதிலாக என் படகின் அழுக்கில் கைவைத்தார்கள். அவர்கள் பிழைப்பு பத்திரமாக இருந்ததற்கும், கரைந்து எங்கே போகும் என்ற கேள்வியை ஏளனமின்றிக் கேட்டதற்கும் இன்றுவரை நன்றியோடிருக்கிறேன். பிழிந்தெடுத்த எண்ணெய் நீரைக் கழிவு எண்ணெய் வாங்கும் ஒர்க்ஷாப்பில் ஒப்படைத்தேன்.

தொட்டியை மாற்றிவிட்டேன், அதன் கீழே ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறேன். பம்ப் இப்போது தானாக ஓடுவதில்லை. பலகையைத் தூக்கிப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுகிறேன்.