தலைவரின் தொண்டையில் என் அப்பா

என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிளி என்றால்தான் தெரியும். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. கண்ணாடி போட்ட ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, நாள் முழுக்கச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார். கிளி என்று எவன் வைத்தானோ, பொருத்தமாகத்தான் வைத்தான்.

வேலை முடிந்தால் மிமிக்ரி. கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, எங்கே மைக் இருக்கிறதோ அங்கே இவர் இருப்பார். வீட்டிலாவது அந்த மனுஷன் ஒரு குரலில் நிற்பாரா? காய் வாங்கி வரச் சொன்னால் செய்தி வாசிப்பவர் குரலில் மறுப்பார். மகள் படிக்கவில்லை என்றால் அவளுடைய கணக்கு டீச்சர் குரலில் திட்டுவார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள், ஆனால் புத்தகத்தைத் திறக்க மாட்டாள். நான் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தேன். சண்டை என்று வந்தால் சொந்தக் குரலில்தான் பேச வேண்டும். அதனாலேயே எங்கள் வீட்டில் சண்டை குறைவு. சொந்தக் குரல் அவருக்கே கொஞ்சம் கூச்சம்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தலைவர் குரல்தான். ஆரம்பத்தில் அது எடுபடவே இல்லை. தலைவர் மெதுவாகப் பேசுவார், வார்த்தையின் கடைசியை இழுப்பார், அதற்கு மேல் பிடித்துக்கொள்ள அவரிடம் ஒன்றுமில்லை. என் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். எதைக் கேட்பதற்கு முன்னாலும் அப்பாவுக்கு ஒரு செருமல் வேண்டும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. இன்னொரு டம்ளர் டீ வேண்டும் என்றாலும் அதேதான், என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் 'என்ன வேலை' என்று கேட்டபோதும் அதேதான். இவர் அந்தச் செருமலைத் தூக்கித் தலைவரின் தொண்டையில் வைத்தார். கூட்டம் கைதட்டித் தீர்த்துவிட்டது.

தலைவர் வாழ்நாளில் அப்படிச் செருமியதில்லை. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? மற்ற மிமிக்ரிக்காரர்கள் இவரைப் பார்த்துச் செருமினார்கள். தெருப் பிள்ளைகள் செருமின. தலைவர் என்றால் செருமல் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. என் அப்பா ஒருநாள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "மாப்ள, அந்த ஆளும் நம்மள மாதிரியே செருமுறாரே!" என்று ஆச்சரியப்பட்டார். அந்த வருஷமே அப்பா போய்ச் சேர்ந்தார்.

இந்தத் தேர்தல் சூடு பிடித்த நேரத்தில், தலைவருக்கு முதுகெலும்பு பிசகிவிட்டது, வீட்டில் படுத்தபடியே பிரசாரம் செய்வார் என்று அறிவித்தார்கள். மறுநாள் தலைவரின் மருமகன் பேருந்து நிலையத்துக்கே காரில் வந்தார். கட்சியில் தலைவருக்கு அடுத்தபடி அவர்தான்.

"ரெண்டு நாள் வேலை, கிளியண்ணா. மாமாவால மைக் முன்னாடி உக்கார முடியல. அவருக்குப் பதிலா நாலு வார்த்தை பேசிக் கொடுங்க. அவரே உங்க பேரைச் சொன்னாரு."

இவருக்குத் தலைகால் புரியவில்லை. சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னிடம் தலைவர் குரலிலேயே விடைபெற்றுக்கொண்டு போனார். போனவர் திரும்பவில்லை. சாயங்காலம் மட்டும் போன் வரும். "நல்லா இருக்கேன், தேர்தல் முடியட்டும்" என்பார், அதுவும் சொந்தக் குரலில். அதிலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் சண்டை எதுவும் போடவில்லையே.

எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கடைக்குப் போனால் ஓர் ஆள் பின்னாலேயே வருவான். மகளைப் பள்ளிக்கு அனுப்பினால் கார் மெதுவாக அவள் கூடவே போகும். கேட்டால், பாதுகாப்பாம்! எங்களிடம் திருடு போக என்ன இருக்கிறது என்று கத்தினேன். அவன் காதில் வாங்கவே இல்லை.

காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது பிரசார வண்டி வந்தது. முதலில் செருமல். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கை அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போன என் அப்பா தெருவில் வருகிறார் என்றே ஒரு நொடி நினைத்துவிட்டேன். "என் கண்ணுகளா, படுக்கையில் கிடந்தாலும் என் நினைப்பெல்லாம் உங்களோடதான்" என்று தலைவர் பேசினார். பக்கத்தில் நின்ற கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், என்ன வலியில பேசுறாரோ" என்றாள். பேசுவது என் புருஷன் என்று சொல்ல வாய் துடித்தது. காருக்குப் பக்கத்தில் நின்றவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தக்காளியை எடைத்தட்டில் போட்டேன்.

அதற்குப் பிறகு எங்கே திரும்பினாலும் அவர்தான். வண்டியில் அவர். போனை எடுத்தால் வாக்குக் கேட்டு அவர். ஜன்னலை மூடினாலும் உள்ளே வந்துவிடுவார். ஊர் முழுக்கப் புருஷன் குரல் கேட்கிறது, புருஷன் எங்கே என்று தெரியவில்லை. இப்படி ஒரு கொடுமை எவளுக்கு வந்திருக்கும்?

ஒருநாள் காலையில் மருமகனே வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, அண்ணன் தொண்டை கட்டிக்கிச்சுன்னு அடம்பிடிக்கிறாரு. முக்கியமான பேச்சு பாக்கி இருக்கு. நீங்க வந்து ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க." வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "பாப்பா ஸ்கூலுக்குப் போற வழி நம்ம பசங்களுக்கு மனப்பாடம். கவலைப்படாதீங்க."

தலைவர் வீட்டு மாடியில் ஒரு பின்னறை. சுவர் முழுக்கப் போர்வைகளை ஆணியடித்திருந்தார்கள். ஜன்னலில் மெத்தையை நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை, மைக், மூலையில் ரெக்கார்டிங் மெஷின்காரர். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கூண்டிலாவது போகிற வருகிற சனங்களைப் பார்க்கலாம். இங்கே அதுவும் இல்லை. மனுஷன் பாதியாகிவிட்டார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மருமகன் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பினார். "திரும்பி வரும்போது பேச்சு ரெடியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தலைவருக்கு முதுகு வலியெல்லாம் இல்ல," என்று என் வீட்டுக்காரர் என் காதில் கிசுகிசுத்தார். "பக்கத்து ரூம்லதான் படுத்திருக்காரு. ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, பேச்சே போயிடுச்சு. நான் பேசுறது அவருக்குக் கேக்குது. ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கிற கையால சுவத்தைத் தட்டுறாரு."

"இப்ப என்ன பேசச் சொல்றாங்க?"

"எனக்குப் பிறகு எல்லாம் என் மருமகன்தான்னு."

"சொல்லித் தொலைச்சுட்டு வாங்க! அவனுங்க கட்சி எப்படிப் போனா நமக்கென்ன?"

"சொன்னா விட்டுருவாங்கன்னா நினைக்கிற?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது.

கதவு திறந்தது. தலைவரின் மனைவி. மேடைகளில் தலைவருக்குப் பின்னால் நின்று தலையாட்டும் அம்மாள். நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம். மெஷின்காரர் எங்களுக்கு முன்பே எழுந்துவிட்டார். அந்த அம்மாளின் சொந்தக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என் வீட்டுக்காரர் ஒருநாளும் செருமினதில்ல," என்றார் அந்த அம்மாள். "மருமகன் எங்கிட்ட மறைச்சுத்தான் ஆளைக் கொண்டுவந்தான், மொத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊரை ஏமாத்தலாம், கூடப் படுத்து எழுந்தவளை ஏமாத்த முடியுமா?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் காலிலேயே விழுந்துவிட்டேன். "எங்களை அனுப்பி வச்சிருங்கம்மா. இங்க நடந்த எதையும் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டோம்."

"எந்திரிம்மா. நானும் ஒரு காரியமாத்தான் வந்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவன் பேரை எடுத்துட்டு என் பேரை வைக்கச் சொல்லு உன் புருஷனை. அவன் கூட்டத்துல இருந்து திரும்புறதுக்குள்ள ஊர் பூரா போயிரணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெருப்பிலிருந்து இழுத்து அடுப்பில் போட்டிருக்கிறார்கள், சிரிக்காமல் என்ன செய்வது?

"சொன்னா வீட்டுக்குப் போயிரலாமா அம்மா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அந்த அம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எங்கே போறது? ஜெயிச்ச பிறகு தினம் பேச வேண்டியிருக்குமே. இனிமே அவரு நீதானேப்பா."

அறையில் காற்றே இல்லை. மருமகன் ஜெயித்தாலும் இந்த அறைதான், மாமியார் ஜெயித்தாலும் இந்த அறைதான். தலைவர் குரலை ஊர் நம்புகிற வரைக்கும் என் புருஷனுக்கு விடுதலை இல்லை. மகள் பள்ளியிலிருந்து வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள் என்று ஏனோ தோன்றியது.

"ஒண்ணு மட்டும்," என்று அந்த அம்மாள் விரலை நீட்டினார். "இந்தச் செருமல், கிருமல் எல்லாம் கூடாது. கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. என் பேரைச் சொல்லும்போதாவது அவரு பேசுற மாதிரியே பேசு. அச்சா அவரா இருக்கணும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே சமயத்தில் ஒரே விஷயம் எங்கள் இருவருக்கும் புரிந்தது அதுதான் முதல் தடவை. ஊர் நம்பாத குரலை எவன் பூட்டி வைப்பான்?

"தாராளமா அம்மா," என்றார். "அச்சா அவராவே பேசிடறேன்."

கட்டியிருந்த தொண்டை எங்கே போயிற்றோ! மைக் முன்னால் உட்கார்ந்தார். மெதுவாக, வார்த்தையின் கடைசியை லேசாக இழுத்து, ஒரு அலங்காரமும் இல்லாமல் பேசினார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாகத் தலைவரைப் பேசியதில்லை. பக்கத்து அறைச் சுவரிலிருந்து தட்டல் வரவில்லை. அந்த அம்மாள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார்.

"இப்பத்தான் என் புருஷன் பேசின மாதிரி இருக்கு," என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மெஷின்காரரிடம் திரும்பினார். "உடனே அனுப்பு."

என்னைப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் காய்கறிக் கடைக்குத்தான் போனேன். மத்தியானம் வண்டி வந்தது. "என் கண்ணுகளா" என்று நேராக ஆரம்பித்தது. கடைக்காரம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். முகம் சுருங்கியது.

"யாரு இது?" என்றாள். "செருமலே இல்ல. எவனோ தலைவர் மாதிரி பேசுறான்!"

அவ்வளவுதான். எதிர்க் கடைக்காரர் எழுந்தார், ஆட்டோக்காரர்கள் எழுந்தார்கள். வண்டியை மறித்து, ஓட்டுநரைக் கீழே இறக்கி, எந்தத் திருட்டுப் பயல் பேசினான் என்று கேட்டார்கள். அந்தத் தேர்தல் முழுக்கக் கேட்காத தலைவரின் நிஜக் குரல் அன்றைக்குத்தான் கேட்டது, அதைக் கல்லால் அடித்தார்கள். சாயங்காலத்துக்குள் தலைவர் வீட்டு வாசலில் பெரிய கூட்டம். தலைவரைக் காட்டு, காட்டு என்று ஒரே கூச்சல். மேல்மாடி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. கையை யாரோ பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தார்கள். கீழே மருமகனும் மாமியாரும் ஒட்டி நின்றார்கள். இது எதிர்க்கட்சியின் சதி, மற்றப் பேச்செல்லாம் தலைவருடையது, இது ஒன்றுதான் போலி என்று மருமகன் முழங்கினார். மாமியார் தலையாட்டினார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இருவரையும் பற்றிக் கவலையில்லை. என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த யோசனைக்குச் சம்மதித்த என் கண்ணை நானே பிடுங்கிக்கொள்வேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்துவிட்டார். நடந்தே வந்தார். மகள் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். "டீச்சர் மாதிரி பேசுங்கப்பா" என்றாள். அவர் அவள் தலையைத் தடவினார், வாயைத் திறக்கவில்லை.

மருமகன் சொல்லி அனுப்பியதை அப்புறம்தான் எனக்கு எழுதிக் காட்டினார். இனி எங்கேயாவது, எந்தக் குரலிலாவது இவர் வாய் திறந்தால், அந்தப் போலி யாரென்று கூட்டத்துக்குக் கைகாட்டிவிடுவார்களாம். கூட்டம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுமாம்.

தேர்தலில் அவர்களே ஜெயித்தார்கள். சதி செய்தார்கள் என்று ஊருக்கு வந்த கோபத்தில் எதிர்க்கட்சி காணாமல் போயிற்று. தலைவர் கொஞ்ச நாளில் இறந்தார். நாற்காலியில் மருமகன், பக்கத்தில் தலையாட்ட மாமியார். பேருந்து நிலையத்தில் இப்போது பதிவு செய்த ஒரு பெண் குரல் நடைமேடை சொல்கிறது. என் வீட்டுக்காரர் பயணிகள் விட்டுப்போன பைகளுக்குச் சீட்டு ஒட்டும் அறையில் இருக்கிறார். அங்கே யாரும் பேச வேண்டியதில்லை. வீட்டில் தலையாட்டுவார், கைகாட்டுவார். சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன், அதற்கும் வரவில்லை. தலைவரின் நினைவு நாளுக்கு மட்டும் வண்டிகள் அவருடைய பழைய பேச்சைப் போட்டுக்கொண்டு போகும். என் அப்பா தெருத்தெருவாகச் செருமுவார், சனம் கையெடுத்துக் கும்பிடும்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குத் தொண்டையில் பருக்கை சிக்கிக்கொண்டது. செருமப் போனவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கண் ஜன்னல் பக்கம் போனது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. செருமக்கூட மாட்டேன் என்கிறார் மனுஷன். மகள் பயந்து என்னைப் பார்த்தாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! அது யார் வீட்டுச் செருமல்? நான் எழுந்து போய் ஜன்னலை விரியத் திறந்தேன். தெருவைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து, என் அப்பா செருமுகிற மாதிரியே செருமினேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க?" என்றேன். "எங்கப்பா சொத்து!"

எனக்குப் பின்னால் அவர் இருமினார். இருமி, பருக்கை வெளியே வந்து, மூச்சு வாங்கி, "தண்ணி குடு" என்றார்.

சொந்தக் குரல்தான். துருப்பிடித்துப் போயிருந்தது.