பன்னிரண்டு வயதில் சொல்ல வேண்டியது

என் மகளின் பத் மிட்ஸ்வா என்ற யூதச் சடங்குக்கு முந்திய மாதம் என் கைபேசியில் முப்பத்தொரு வேலைகள் கொண்ட பட்டியல் இருந்தது. விருந்தினர் பெயர்களைப் பாதுகாப்புக்காக முன்கூட்டியே கொடுப்பது, சடங்கு நடக்கும் துபாய் வில்லாவின் முகவரியை அன்று காலையில் மட்டும் அனுப்புவது, யூதரின் ஓய்வு நாளான சனிக்கிழமை படம் பிடிக்கக்கூடாது என்று யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அக்காவுக்கு இரண்டு தடவை சொல்வது. புதிய ஆலைகளைச் சோதித்து இயக்கத்துக்கு விடுகிற பொறியியலாளர் நான். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போவதில்லை. ஒரு வேலையை மட்டும் வாராவாரம் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். மகளிடம் சொல்வது.

கணவர் யூதர். நான் அல்ல. தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளையும் பிறப்பால் யூதர். அதனால் ஆறு மாதக் குழந்தையாக அவளை லண்டனில் மூன்று மதகுருமார் முன்னிலையில் தண்ணீரில் முக்கி யூத மதத்தில் சேர்த்தார்கள். நான் கதவுக்கு வெளியே துவாயோடு நின்றேன். குழந்தையிடம் சம்மதம் கேட்க முடியாது. ஆகவே கடமைகளைத் தானே ஏற்கும் பன்னிரண்டாவது வயதில் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. தெரியாத ஒன்றை எப்படி மறுப்பாள்?

“அன்றைக்கு எழுந்து நின்று தோரா வேதத்தை வாசித்தால் அதுவே சம்மதம்,” என்றார் கணவர். அவர்களுடைய மதகுருவான ரபியோ, நானே சொல்வது நல்லது என்றார், ஆனால் எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடாது.

ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வரும் வீதியில் வாகனங்கள் நின்றுபோன ஒரு மாலையில் காரில் வைத்துச் சொன்னேன். அவளால் இறங்கிப் போக முடியாது. என்னாலும்.

“அப்ப நான் பிறக்கேக்க யூதர் இல்லையோ?”

“இல்லை.”

“பன்னிரண்டு வருசம் லேட், அம்மா.”

“லிஸ்ட்டில இருந்தது.”

“உங்கட லிஸ்ட்.” சிரித்தாள். பிறகு கேட்டாள்: “வேண்டாம் எண்டா?”

“வேண்டாம்தான். ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.”

“அப்பாவும்?”

“அப்பாவும்.” அது எனக்குத் தெரியாது.

“நான் நோ சொன்னா உங்களுக்குச் சந்தோசமோ?”

ஓம் என்பது வாய்வரை வந்தது. அந்தக் கணம்வரை எனக்கே அது தெரியாது. ஓம் என்றால் அவளைச் சாய்க்கிறேன். இல்லை என்றால் பொய். முன்னால் நின்ற கம்பனி பஸ் ஓரடி நகர, நானும் ஓரடி நகர்ந்தேன்.

“வாயத் திறவுங்கோ. நான் என்ன உங்கட மனேஜரோ?”

“அதை நான் சொல்லக்கூடாது.”

என் முகத்தைப் பார்த்தாள். “சொல்லிப் போட்டியள்,” என்றாள்.

அடுத்த வாரம் ரபியோடு தனியாகப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்தாள். “ஓம் எண்டு சொல்லிட்டன். பசிக்குது.”

சனிக்கிழமை அவள் பிழையில்லாமல் வாசித்தாள். பின்பு கணவர் எழுந்து ஹீப்ரு மொழியில் ஒரு வரி சொன்னார். அக்கா என் காதுக்குள், “என்னவாம்?” என்றாள்.

“இனி இவள் செய்யிறதுக்கு இவள்தான் பொறுப்பாம். அந்தப் பொறுப்பில இருந்து தன்னை விடுவிச்ச கடவுளுக்கு நன்றியாம்.”

“நீயும் போய்ச் சொல்லன்.”

“எனக்கு அது இல்லை. தகப்பன்தான் சொல்லுறது.”

“நல்ல ஆக்கள். தகப்பனை மட்டும் விட்டிட்டினம்.”

அக்காவைச் சிரிக்க வேண்டாம் என்று கிள்ளினேன்.

என் மனம் தெரிந்தும் மகள் ஓம் என்றாளா, தெரிந்ததால்தான் ஓம் என்றாளா, அப்பாவுக்காகவா? இன்னும் கேட்கவில்லை. கேட்டால், அதற்கும் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.