துடைத்தெடுத்த பாறை

என் மனைவி என்னைவிட நல்ல படம் எடுக்கிறாள் என்பது எனக்கு வெகுநாளாகத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. மட்டாஞ்சேரியில் எங்களுடையது கல்யாண ஸ்டுடியோ. மணமேடைக்கு நேரே நான் நிற்பேன், அவள் ஓரத்தில் நிற்பாள். ஆல்பம் புரட்டுகிற வீட்டார் "இது யார் எடுத்தது?" என்று கேட்பதெல்லாம் அந்த ஓரத்துப் படங்களைத்தான். சிரித்துக்கொண்டே அவளைக் காட்டுவேன். வயிறு எரியும்.

போன வருஷம் எங்கள் தெருவின் பழைய மிளகுக் கிடங்கில் குகைப் படங்களின் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். அனுமதி வாங்கிக்கொண்டு இருவரும் வயநாட்டு மலையேறினோம். ஆதி மனிதர்கள் சுவரில் உருவங்கள் கீறிவைத்த குகை அது. நேராக விளக்கடித்தால் கோடு தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அவள் எடுத்தபோது நான் டார்ச் பிடித்தேன், நான் எடுத்தபோது அவள் பிடித்தாள். ஒரே பாறை, ஒரே ஸ்டாண்ட். இந்தத் தடவை அவளுக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்றிருந்தேன்.

ஊர் திரும்பியதும் அவள் தன் படத்தை அப்படியே பிரிண்ட் போட்டாள். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மணப்பெண் முகத்தில் பருவோ தழும்போ இருக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். பாறையிலும் கறை, புள்ளி, மெல்லிய கீறல் ஒன்று விடாமல் துடைத்தெடுத்தேன். பெரிய கோடுகள் மட்டும் பளிச்சென்று நின்றன. அவளுடைய பாறை குளிக்காமல் வந்து நிற்கிறது என்று சொல்லவும் செய்தேன்.

"பாறையை என்ன, பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்றாள்.

கண்காட்சி நடத்தும் பெண்மணி இரண்டையும் மேசைமேல் பரப்பினார். என் மனைவி படத்தின் மூலையில் மங்கலாக ஒரு மனித உருவம் கையைத் தூக்கி நின்றது. நான் அதுவரை கவனித்ததே இல்லை. என் படத்தில் அதே இடத்தைப் பெண்மணி விரலால் தடவினார்.

"சேட்டா, இதில ஆள் எவிடே?"

எத்தனையோ காலத்து ஈரமும் வௌவாலும் அழிக்காத ஆளை நான் துடைத்திருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். சுவரில் அவள் படம் ஏறியது. திறப்பு நாளன்று சாயா கிளாசும் கையுமாக எல்லோரும் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். நான் பக்கத்தில் நின்று இளித்தேன்.

மறுநாள் காலை ஸ்டுடியோவில், கைவைக்காத என் மூலப் படத்தைத் திறந்தேன். அந்த ஆள் இருந்தான். அவள் படத்தில் இருப்பதைவிடத் தெளிவாக, விரல்கள்கூடத் தெரியும்படி இருந்தான். மூடுவதற்குள் அவள் பின்னால் வந்துவிட்டாள்.

"ஏங்க, என்னோடதைவிட இதுதான் நல்லா இருக்கு. எம்படத்தை எறக்கிட்டு இதை மாட்டச் சொல்லி நான் போய்ப் பறையட்டா?"

மனதாரத்தான் கேட்டாள். முகத்தில் மகிழ்ச்சியைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை, அவளுக்கு என்மேல் பொறாமை வந்திருக்கக்கூடாதா?